மருந்து அறைக்கு வந்த வயிற்றுவலி

தேயிலைத் தோட்டத்துக்கு நர்ஸ் பயிற்சிக்குப் புறப்படும் முன் மேட்ரன் எங்களுக்குப் பாதுகாப்புப் பற்றிப் பாடம் எடுத்தார். கொதிக்கவைத்த ஊசியை வெறுங்கையால் எடுக்காதே. சளிக்காரர் இருமினால் முகத்தைத் திருப்பு. அட்டை கடித்தால் உப்பு வை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

திம்புள்ளப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த தோட்டத்து டிஸ்பென்சர் கணேசமூர்த்தி. சட்டையில் சுருக்கம் காணாத மனிதர். முதல் நாளே, "சுகிர்தம், உள்ள வாங்க, ஊசி போடப் பழக்கிவிடுறேன்" என்று மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்னை ஊசியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவர் என் கையைப் பிடித்தார். கத்தலாம். கத்தினால், "இந்தப் பிள்ளைக்கு அடக்கம் போதாது" என்று மேட்ரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். பெட்டியோடு கொட்டகலை வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எனக்கு முன்னால் வந்த பூரணி அப்படித்தான் வீட்டுக்குப் போனாள்.

கதவு தட்டப்பட்டது. விரலை வெட்டிக்கொண்டு வந்த வீரம்மா, முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். விரலைக் காட்ட மறந்துபோனாள்.

மறுநாள் டிஸ்பென்சர் ஊசிப் பெட்டியைத் தொட்டதும் வீரம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. அவளுக்குச் சுகமாகும்போது அவளோடு கொழுந்து பறிக்கும் காளியாயிக்கு வந்தது. பிறகு அழகம்மாவுக்கு. கொழுந்தை விட்டுவிட்டு வந்தால் அரைநாள் சம்பளம்தான். தெரிந்தேதான் வந்தார்கள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். வயிறு வலிக்கிறவர்கள் இவ்வளவு வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை.

"கதவச் சாத்திட்டு வெளியில இருங்க" என்றார் கணேசமூர்த்தி.

"பொம்பள வயித்துவலிங்கய்யா. இந்த நர்சம்மாவப் பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் கொறையுது" என்றாள் வீரம்மா.

பயிற்சி முடியும்வரை கதவு திறந்தே கிடந்தது. ஊசி போட நானே பழகிக்கொண்டேன். என்னை அனுப்பிவிட்டால் போதும் என்று கணேசமூர்த்தி மேட்ரனுக்கு நல்லதாகவே சொல்லிவிட்டார்.

பஸ் ஏற வந்தபோது வீரம்மா கூடவே வந்தாள்.

"பூரணி புள்ள அழுதுகிட்டு போனப்ப எங்களுக்கு வெளங்கலங்க" என்றாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

"அடுத்த புள்ள என்னைக்கு வருதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க நர்சம்மா. இந்த வாட்டி யார் யாருக்கு வயிறு வலிக்கணும்னு கொழுந்து மலையில பேசி வைக்கணும்."