நாளைக்குச் சுடும் சுவர்

விளக்கு அடிப்பதற்கு முன்பே பூச்சு ஒளிர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. பத்தே ஐம்பதுக்குக் கழிவறைக் குழாய் உடைந்தது. இன்ஜின் சோதனைக்கூடத்தின் பதிவேட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன; குழாய்க்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு.

எழுதியவளுக்கு அங்கே பவுடர் என்று பெயர். தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளைப் பொடியோடுதான் நடமாடுவாள். அந்தப் பொடியைப் பசையில் கலந்து, துப்பாக்கி மாதிரி ஒரு குழலால் இன்ஜினுக்குள் சுழலும் உலோக இலைகளின் மேல் பீய்ச்சுவது அவள் வேலை. காய்ந்த பூச்சின் மேல் புற ஊதா விளக்கால் ஒரு வெட்டு வெட்டினால் அது பளிச்சென்று ஒளிர்ந்து அணையும். பரப்பு சூடாக இருந்தால் சீக்கிரம் அணையும், ஆறியிருந்தால் சாவகாசமாக அணையும். அணைகிற வேகத்தைக் கேமராவில் பிடித்து, தொடாமலே சூட்டைச் சொல்லிவிடலாம். கொதிக்கிற இன்ஜினுக்குள் வேறு எந்த வெப்பமானியும் உயிரோடு திரும்பி வராது என்பதால் பவுடருக்கு அங்கே தனி மரியாதை. கலந்த பூச்சு அரை மணியில் இறுகிவிடும். குழலுக்குள் இறுகினால் அன்றைய வேலை போச்சு. ஆகையால் மிச்சத்தைக் கையில் கிடைத்ததன் மேலெல்லாம் அடித்துத் தீர்ப்பது அந்தக் கூடத்து வழக்கம். டீ கெட்டில், கதவுக் கைப்பிடி, இயக்குநரின் நாற்காலி, இன்ஜினை ஒட்டியிருந்த இயக்கும் கேபினின் இரும்புச் சுவர், எல்லாம் இப்படித்தான் வெள்ளையாயின.

அந்தச் செவ்வாயன்று விளக்குக்குப் போக வேண்டிய கம்பியையும் கேமராவுக்குப் போக வேண்டிய கம்பியையும் பவுடர் மாற்றிச் சொருகியிருந்தாள். உணவு இடைவேளைக்குப் பிறகு சரியாகவே மாட்டினாள். ஆனால் பூச்சுக்குப் பழகிவிட்டது. தொடர்ந்து விளக்குக்கு முந்திக்கொண்டு ஒளிர்ந்தது, அதுவும் ஒரு நாள் கழித்து வரப்போகும் சூட்டோடு. செவ்வாய் பத்தே முக்காலுக்குச் சும்மா கவிழ்த்து வைத்திருந்த கெட்டில் தொண்ணூற்றாறு டிகிரி காட்டியது. புதன் பத்தே முக்காலுக்கு அதில் வெந்நீர் தளதளத்தது. நம்ப மாட்டேன் என்று இயக்குநர் அடுத்த தடவை கெட்டில் சூடு காட்டியதும் அதைப் பிடுங்கி, அணைந்துகிடந்த உலர்த்தும் அடுப்புக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அடுப்புக்குள் இருப்பது தெரியாமல் எவரோ சுவிட்சைப் போட, கெட்டில் சொன்ன நேரத்துக்குச் சொன்ன சூட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

ஒரே மாதத்தில் கூடமே கூத்தானது. ஆளாளுக்குச் சோற்று டப்பாவையும் பைக் சீட்டையும் தூக்கிக்கொண்டு பவுடரிடம் வரிசையில் நின்றார்கள். நாளைக்கு சீட் கொதிக்குமென்று தெரிந்தால் இன்றைக்கே துணி எடுத்து வைக்கலாம் அல்லவா. தட்டச்சர் தன் மாமியாரின் தலையணை உறைக்கு ஒரு கோட் கேட்டார், அவருக்குக் காய்ச்சல் உண்மையா நடிப்பா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. பவுடர் எல்லோருக்கும் அடித்தாள். எண்ணை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு தசமத்தைக்கூடக் கூட்டிக் குறைத்ததில்லை.

அப்படியிருக்க, ஒரு வியாழன் காலை சரியாகப் பதினொன்றுக்கு, கேபின் சுவர் எண்ணூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

வெள்ளி பதினொன்றுக்குப் புது இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. வாங்க வருகிறவர்கள் விமானம் ஏறியாயிற்று. ஓட்டப்போகிறவர் பவுடரின் கணவர், ஊரறிய இன்ஜின்காரர். ஓடுகிற இன்ஜினை விட்டுவிட்டு அவர் ஒரு தடவைகூட எழுந்து வந்ததில்லை. சொந்தக் கல்யாணத்துக்கே இன்ஜின் ஆறிய பிறகுதான் வந்தார், முகூர்த்தம் காத்திருந்தது. பவுடர் மூச்சிரைக்க இயக்குநரிடம் ஓடினாள். சுவருக்கு எண்ணூறு என்றால் உட்காருகிறவருக்கு என்ன என்று கேட்டாள்.

இயக்குநர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து யோசித்தார். "ஏம்மா, ஒத்திப்போட்டா சுவர் சுடாம இருந்துடுமா? கெட்டில் கேட்டுச்சா? எப்படியும் நடக்கப்போற விஷயத்தைக் குறிச்ச நேரத்துக்காவது நடத்திடுவோம்." அதைவிட ஒழுங்கான நிர்வாக முடிவு அந்தக் கட்டடத்தில் அதுவரை எடுக்கப்பட்டதில்லை.

பவுடர் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தாள். அவருடைய உள்ளங்கையில் பூச்சு ஒரு அடி, தன் உள்ளங்கையில் ஒரு அடி, மேலே இரண்டு நிமிஷம் சூடான காற்று. அவர் கை விளக்கின் கீழே, கணினித் திரை அவள் பக்கம். மணி பதினொன்று ஒன்பது. முதலில் அவருடைய கை.

"முப்பத்தஞ்சு புள்ளி எட்டு ஏழு," என்றாள். "அப்ப நாளைக்கு இந்நேரம் நல்லாத்தான் இருக்கீங்க. கேபினுக்குள்ள போகல."

"போகலன்னு அதுல எங்க போட்டிருக்கு? எனக்கு ஒண்ணும் ஆகலன்னுதான் போட்டிருக்கு. அப்போ தாராளமா உள்ள உட்காரலாம்."

"ஏங்க, நீங்க வெளிய நிக்கிறதாலதான் அந்த எண்ணு வருது."

"உள்ள உட்கார்ந்தும் வரலாம்ல. பூச்சு பொய் சொல்லாதுன்னு நீதானே ஊரெல்லாம் தண்டோரா போடறே."

வாதத்தில் ஓட்டை இல்லை. இன்ஜின்காரரோடு வாதாடுவது பூட்டிய கதவோடு வாதாடுவது போல; கதவாவது காற்றுக்கு ஆடும். பவுடர் அவர் கையை விளக்கடியிலிருந்து நகர்த்தினாள். "சரி. அப்ப நாளைக்கு நானும் உங்க பக்கத்துல உள்ளேயே உட்கார்றேன்," என்று சொல்லிவிட்டுத் தன் கையை விளக்கின் கீழே நீட்டினாள். திரை ஒளிர்ந்தது. வாசித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு எண்ணூத்திச் சொச்சம்."

இன்ஜின்காரர் எழுந்து வந்து திரையைப் பார்ப்பதற்குள் அவள் அதை அணைத்துவிட்டாள். அவர் அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வெள்ளையாக.

"மறுபடி அள," என்றார்.

"எத்தனை தடவை அளந்தா என்ன. கெட்டில் கதைதான்."

"கெட்டிலைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல. உன்னை நான் பிடிச்சு வைக்கிறேன். நீ எப்படி உள்ள போறேன்னு பார்த்துடறேன்." பத்தொன்பது வருஷமாகப் பூச்சு சொன்ன எண்ணுக்குத் தலையாட்டி வந்த மனிதர், அன்று ஒரு எண்ணோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பதென்று முடிவு கட்டினார்.

வெள்ளி காலை பத்தரைக்கு அவர் மனைவியின் கையைப் பிடித்தவர்தான், விடவில்லை. டீயை இடது கையால் குடித்தார். வந்தவர்களுக்கு இடது கையால் வணக்கம் வைத்தார். பத்தே ஐம்பத்தைந்துக்கு, அவளை வாசற்படியிலேயே நிறுத்தி, கை நீண்ட மட்டும் உள்ளே எட்டி, இடது கையால் லிவரைக் கடைசி வரை தள்ளினார். இன்ஜின் ஊளையிட்டு எழும்பியது. வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். இன்ஜின்காரர் ஒரு கணம் லிவரைப் பார்த்தார், ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக, ஓடுகிற இன்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடினார். பத்தே ஐம்பத்தெட்டுக்கு எரிபொருள் குழாய் பிளந்தது. தீ நேராகக் கேபின் சுவரைப் போய் நக்கியது. பதினொன்றுக்குச் சுவர் எண்ணூற்றுப் பன்னிரண்டு டிகிரியில், இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டும்படி, செக்கச்செவேலென்று நின்றது. காலி நாற்காலி ஒன்று உள்ளே எரிந்துபோனது. எரிபொருள் தீர்ந்து தீ அடங்கியதும் வாங்க வந்தவர்கள் இன்ஜினை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சுவரில் அடித்த பூச்சில் எத்தனை டப்பா கிடைக்கும் என்று கேட்டார்கள்.

இன்ஜின்காரர் பதினொன்று ஒன்பதுக்கும் பிடியை விடவில்லை. பதினொன்றரைக்குத்தான், அவள் விரல் மரத்துப்போயிற்று என்று திட்டிய பிறகு, விட்டார்.

திங்கட்கிழமை பதிவேடு அவரிடம் வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமைப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. அவர், வலது உள்ளங்கை: 35.87. நான், இடது உள்ளங்கை: 35.87. வாயால் சொன்னதுதான் வேறு. எழுதியதில் ஒரு தசமம்கூடப் பிசகவில்லை. இரண்டு பரப்புகள் இரண்டாம் தசமம் வரை ஒரே சூட்டைக் காட்டினால், அவை ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்தத் தொழிலில் முதல் வாரமே இது தெரிந்துவிடும். அவள் வியாழன் பதினொன்று ஒன்பதுக்கே தெரிந்துகொண்டிருந்தாள். இவரைக் கையைப் பிடிக்கவைக்க என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் அவளே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இன்ஜின்காரர் அந்த இரண்டு வரிகளை இரண்டு தடவை படித்தார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த இன்ஜினுக்கு எண்ணெய் விடப் போனார்.