லோகேஸ்வரியின் ஐந்து புள்ளி மூன்று

லோகேஸ்வரி தன் கையாலேயே கோத்த கம்ப்யூட்டர் மூன்றாம் நாளே கொதிக்க ஆரம்பித்தது.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை, அதன் சிப் சோதனைப் பிரிவில் அவளுக்குப் பதினாலு வருஷ வேலை. எத்தனையோ ஆயிரம் சிப்புகள் அவள் கைவழியே சூட்டறைக்குள் போய் வந்திருக்கின்றன. எத்தனை டிகிரி வைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எஞ்சினியர்கள் கொடுக்கும் தாளில் இருக்கும். பட்டனை அழுத்துவது மட்டும் அவள். ஒரு தடவையாவது அந்தத் தாளைத் தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை விழுந்து, விடாமல் பிறாண்டிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொரு வயதில் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, டத்தோ கிராமாட் ஃபிளாட்டின் முன்னறையில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்துக் கோத்தாள். கோத்ததோடு விடவுமில்லை. அதன் மூளையான ப்ராசஸருக்கு, தயாரித்த கம்பெனி வைத்திருந்த வேகம் நாலு புள்ளி ஏழு கிகாஹெர்ட்ஸ். அதை ஐந்து புள்ளி மூன்றுக்கு ஏற்றிவிட்டாள்.

"இவ்ளோ ஸ்பீடு வெச்சி என்னா செய்யப் போற?" என்று கேட்டான் குணாளன். அவள் புருஷன், தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன்.

"ஓட்டிப் பாக்கப் போறேன்."

"ஓட்டி?"

"ஓட்டிதான். பந்து விளையாடுறவன்கிட்ட போயி கோல் போட்டு என்னா செய்யப் போறன்னு கேப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் சோதனை ஓட்டத்தைத் தட்டிவிட்டாள். ஒரே நிமிஷம். திரையில் சூடு எண்பது டிகிரி, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு. நூறைத் தொட்டதும் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்தது. அவள் ஏற்றியதெல்லாம் வீணாக, தெருவில் ரொட்டி விற்பவனின் மோட்டார் சைக்கிள் மாதிரி நாலிலேயே நகர்ந்துகொண்டிருந்தது.

"குறைச்சிடுலா லோகா. கம்பெனிக்காரன் தெரியாமலா நாலு புள்ளி ஏழுன்னு வெச்சிருக்கான்?"

"ஏன் சுடுதுன்னு தெரிஞ்சிக்காம குறைக்க மாட்டேன்."

ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சும் கூலரை வாங்கிய கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரன் ஹரீஷ் முழுசாகக் கேட்கக்கூட இல்லை.

"ஸ்பீடை ஏத்தி ஓவர்கிளாக் பண்ணீங்களா அக்கா? அப்ப அதான். பினாங்கு வெயில் வேற. பழைய ஸ்பீடுக்கே போயிடுங்க."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றினாள். மேஜை விசிறியைத் தூக்கி வந்து நேராக உள்ளே காற்றடிக்க வைத்தாள். இரண்டே டிகிரி இறங்கியது. கூலரின் விசிறியும் ஒழுங்காகத்தான் சுற்றியது. யோசித்துக்கொண்டே கையை உள்ளே விட்டு, கூலரின் தகடுகளை விரலால் தொட்டாள்.

லேசான வெதுவெதுப்பு. அவ்வளவுதான்.

"இங்க வாங்களேன், தொட்டுப் பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். "கீழ நூறு டிகிரி. மேல குழந்தை நெத்தி மாதிரி இருக்கு. அப்படின்னா சூடு மேலயே வரலை."

"அப்ப?"

"ரெண்டும் சரியா ஒட்டலைன்னு அர்த்தம்."

மின்சாரத்தை நிறுத்தி, கூலரைக் கழற்றினாள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பசை மூன்று பக்கம் மெல்லிசாகப் பரவியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் அவள் வைத்தது வைத்தபடி தடியாக நின்றது. தன் கைதான் தப்பு செய்துவிட்டதோ என்ற பயம் வந்தது. துடைத்து, புதுப் பசை தடவி, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முறுக்கினாள். மறுபடி ஓட்டம், மறுபடி நூறு. அடுத்து, மனசே இல்லாமல், வேகத்தைப் பழையபடி நாலு புள்ளி ஏழுக்கு இறக்கி ஓட்டினாள். தொண்ணூற்று நாலு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தீங்களா? சாதா ஸ்பீடுலயே தொண்ணூத்தி நாலு! நான் ஏத்துனதால இல்ல!"

கூலரைத் தாங்குவதற்கு நாலு மூலையிலும் பித்தளைக் கால்கள் உண்டு, சின்னக் குழல் மாதிரி. நாலையும் கழற்றிக் கண்ணாடி மேஜையில் நிறுத்தி, மேலே இரும்பு அடிக்கோலை வைத்துக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். ஒரு கால் மற்ற மூன்றையும்விட உயரம். நகக் கனம்கூட இருக்காது. ஆனால் அடிக்கோலுக்கும் பக்கத்துக் காலுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். அவள் பேசப் பேச, ஹரீஷ் குணாளனையே பார்த்துப் பதில் சொன்னான்.

"அண்ணே, ஓவர்கிளாக் பண்ணா வாரண்டி கிடையாது அண்ணே. அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

"தம்பி, நான் பஸ் ஓட்டுறவன். இதுல எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவகிட்ட பேசுங்க."

லோகேஸ்வரி கடையின் கண்ணாடி மேஜைமேல் நாலு கால்களையும் நிறுத்தினாள். பையிலிருந்து அடிக்கோலை எடுத்து மேலே வைத்தாள். "குனிஞ்சி பாருங்க."

"எல்லாம் இப்படித்தான் அக்கா இருக்கும்."

"அப்ப ஒரு புதுப் பெட்டி திறங்க. அதையும் வெச்சிப் பாப்போம்."

அவளைத் தோற்கடிக்கும் வேகத்தில் திறந்துவிட்டான். புதுக் கால்கள் நாலின் மேலும் அடிக்கோல் அப்படியே படிந்தது. பிரிண்டர் மை வாங்க வந்து காத்திருந்த சித்தி ஹாஜரா என்ற அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"இதுல வெளிச்சம் தெரியல. அவங்களோடதுல தெரியுது" என்றார், யாரும் கேட்காமலே.

ஹரீஷ் உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்து வந்தான். "சரிக்கா, மாத்திக் குடுத்துடறேன். இதுல ஒரு சைன் மட்டும்."

வாசித்தாள். 'வாடிக்கையாளர் ஓவர்கிளாக் செய்ததால் ஏற்பட்ட கோளாறு. கடை நல்லெண்ணத்தில் மாற்றித் தருகிறது.'

"இது பொய்."

"சும்மா ஃபார்மாலிட்டிலா அக்கா. கம்பெனிக்குக் கணக்கு காட்டணும்ல."

"ஒரு கால் உயரமா இருந்துச்சுன்னு எழுதுங்க, இப்பவே போடறேன்."

"அப்படி எழுத முடியாது."

"அப்ப நானும் போட முடியாது."

குணாளன் அவள் காதோரம் குனிந்தான். "ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வாங்கிட்டுப் போயிடலாமே."

"நான் செய்யாத தப்புக்கு நானே எழுதிக் குடுக்கணுமா? தொழிற்சாலையில எத்தனை தடவை குடுத்திருக்கேன் தெரியுமா? மெஷின் கெட்டா ஆபரேட்டர் தவறுன்னு எழுதி நீட்டுவாங்க. போட்டுட்டு வந்துருவேன். அங்க சம்பளம் குடுக்கறாங்க. இங்க காசு குடுத்தவ நானு." நாலு கால்களையும் வழித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

சமிக்ஞை விளக்கில் கார் நின்றபோது, "இப்ப என்னா செய்யறது?" என்று கேட்டான் குணாளன்.

"உப்புத்தாள் வாங்கிட்டுப் போவோம்."

வீட்டில் கண்ணாடி மேஜைமேல் உப்புத்தாளை ஒட்டி, அந்த உயரமான காலை நிறுத்தி, எட்டு எட்டாக வட்டம் போட்டுத் தேய்த்தாள். பத்து தேய்ப்புக்கு ஒரு தடவை அடிக்கோலை வைத்துப் பார்த்தாள். அதிகம் தேய்ந்தால் கால் குட்டையாகிப்போகும், பிறகு கதை கந்தல். குணாளன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். விரல் நுனியெல்லாம் மஞ்சளாய்ப் பித்தளைத் தூள். ஒரு கட்டத்தில் அவனே சொன்னான்: "வெளிச்சம் போச்சு."

கழுவித் துடைத்து, மறுபடி பொருத்தினாள். வேகம் ஐந்து புள்ளி மூன்று. ஓட்டம்.

அறுபத்தெட்டு. எழுபத்து மூன்று. எழுபத்தொன்பது. அங்கேயே நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி. கூலரின் தகடுகளைத் தொட்டவள் 'ஸ்ஸ்' என்று விரலை இழுத்துக்கொண்டாள். இப்போது சூடு மேலே வந்திருந்தது.

அடிக்கோல், கால்கள், வெளிச்சக்கோடு எல்லாம் தெரிகிற படங்களைக் கம்ப்யூட்டர் கோப்பவர்களின் இணையக் குழுவில் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடையின் பேரை எழுதவில்லை. தன் பேரை முழுசாக எழுதினாள். பிறகு கீபோர்டைக் கிட்டே இழுத்து, வேகத்தை ஐந்து புள்ளி ஐந்து என்று மாற்றினாள்.

"போதும்லா, அதான் நல்லா ஓடுதே!" என்றான் குணாளன்.

திரை நீலமாகிச் செத்தது.

குணாளன் தலையில் கை வைத்தான். லோகேஸ்வரி நோட்டை எடுத்து 'ஐந்து புள்ளி ஐந்து, நிற்கவில்லை' என்று எழுதிக்கொண்டாள். அடுத்த வரியில் ஐந்து புள்ளி நாலு என்று எழுதிவிட்டு, பவர் பட்டனை அழுத்தினாள்.