இடது ஓரத்தில் ஒரு மோதிரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு மகள் வந்து படுக்கையறைக் கதவைத் தட்டினாள். சாவிக்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினார். பூட்டு திறக்கவில்லை என்று ஊரார் அவரை எந்த நேரத்திலும் எழுப்புவார்கள், அது பழகிப்போன விஷயம். ஆனால் விடுமுறை நாளில் இந்தப் பெண் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை.

"அப்பா, உங்க மெஷின்ல சார்ஜ் இருக்கா?"

அவருக்குத் தூக்கம் பறந்துபோய்விட்டது. அந்த இயந்திரத்தைப் பற்றி மகள் வாய் திறந்து இரண்டு வருடம் ஆகிறது. நீளமான கம்பி, அதன் முனையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம், பிடியருகே சின்னத் திரை. மண்ணுக்குள் உலோகம் ஏதாவது இருந்தால் சத்தம் போடும். மூன்று வருடமாக விடுமுறை நாட்களில் மைதானம் மைதானமாக அதைத் தூக்கிக்கொண்டு போய், சில்லறைக் காசும் ஒற்றைத் தோடும் விசிலும் எடுத்து வருவார். மற்றபடி எல்லாம் பாட்டில் மூடிகள். மனைவி அதற்கு 'உங்கப்பாவோட சின்ன வீடு' என்று பெயர் வைத்திருந்தாள். உண்மையான சின்ன வீட்டுக்குக்கூட ஒரு மனிதன் இத்தனை முறை பேட்டரி மாற்ற மாட்டான் என்பது அவள் கட்சி.

"இருக்கு. எதுக்கும்மா?"

மகள் கதவைச் சாத்திவிட்டு இடது கையை நீட்டினாள். மோதிர விரல் வெறுமையாக இருந்தது.

அது நிச்சயத்துக்கு வந்த மோதிரம். வருங்கால மாமியார் கடையில் வாங்கித் தரவில்லை. முப்பது வருடமாகத் தன் விரலில் கிடந்ததைக் கழற்றி இவள் விரலில் போட்டுவிட்ட மோதிரம். அந்த அம்மாள் இன்று மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வருகிறார்.

"வியாழக்கிழமை ஃபுட்பால் பிராக்டிஸ்ல மோதிரம் போடக்கூடாதுன்னு ஷூ லேஸ்ல கோத்து முடிச்சு போட்டேம்பா. எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வீட்டுக்கு வந்து பார்த்தா லேஸ் பாதியைக் காணோம். வெள்ளிக்கிழமை முழுக்க முட்டி போட்டுத் தேடினேன். அப்புறம் மழை வந்துடுச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உங்க முன்னாடி முழுசா நின்னுட்டு இருப்பேனா?"

ஏழு மணிக்கெல்லாம் இருவரும் மைதானத்தில் இருந்தார்கள். மைதானக் காவலர் தன் அறை வாசலிலேயே மறித்தார். புல்லைப் பெற்ற பிள்ளையாக வளர்க்கிற மனிதர் அவர்.

"அண்ணே, ரெண்டு மணிக்குப் பசங்க டீம் மேட்ச். பதினோரு மணிக்கு நான் கோடு போட வண்டியை எடுத்துடுவேன். அதுக்கு மேல ஒரு குழி கூடாது. அதுவரைக்கும் தோண்டுறதும் புல்லை மூணு பக்கம் வெட்டி, மூடி மாதிரி தூக்கி, எடுத்துட்டு அப்படியே அமுக்கிடணும்."

"நான் எப்பவும் அப்படித்தானே செய்வேன்."

"உங்களைச் சொல்லல. பக்கத்துல நிக்குறவங்களைச் சொன்னேன்."

மகள் ஆடுவது இடது ஓரத்தில். எனவே மூலைக்கொடியில் தொடங்கி நடுக்கோடு வரை, சாவிக்காரர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நடந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவர் காதில் விட்டுக்கொண்டு கேட்டார். எட்டு காசு கிடைத்தது. ஒரு சாவி கிடைத்தது. தொழில் புத்தி விடுமா, அதை விரலால் துடைத்து, "பீரோ சாவி. பல்லு தேஞ்சிருக்கு, இதுக்கு முன்னாடியே தொலைச்சிருக்கலாம்" என்றார். மகள் சிரிக்கவில்லை. ஒன்பதரைக்குள் அதே இடத்தை மூன்று முறை நடந்தாகிவிட்டது. குழுவின் பெண்கள் நாலு பேர் செய்தி கேட்டு வந்து ஓரமாக நின்றார்கள். மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது. முதல் முறையாகத் தன்னை நம்பி வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் மூலைக்கொடியிலிருந்து நடந்தார்.

நாலாவது முறை திரும்பும்போதுதான் அதைக் கண்டார். குளிர்பான டின்னைத் திறக்கும்போது பிய்த்து எறிவோமே, அந்தச் சின்ன வளையம். புல்லின் மேலேயே பளபளவென்று கிடந்தது. இயந்திரத்தின் வட்டம் அதன் மேலேயே போய் வந்தது. காதில் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

சாவிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில், இவளுடைய ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவர் தேடிக்கொண்டிருந்தார். விளையாட்டு மைதானம் என்றால் மண்ணைவிட டின் வளையம் அதிகம். ஒவ்வொன்றுக்கும் இயந்திரம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. குழுவின் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ அவருக்கு 'ஆம்புலன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அன்று வீடு திரும்பும்போது மகள் தெருவின் எதிர்ச் சாரியில் நடந்து வந்தாள். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர் தனியாக உட்கார்ந்தார். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, டின் வளையத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் வாயைத் திறக்காதபடி அதை அடக்கி வைத்தார். போதாததற்கு ஹெட்ஃபோனும் வாங்கினார். அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தைப் போல ஒரு சாது கிடையாது.

அதே புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒன்று போட்டிருந்தது. மெல்லிய தங்க மோதிரமும் டின் வளையமும் இயந்திரத்தின் காதுக்கு ஒன்றுதான். அதை அடக்கினால் இதுவும் அடங்கும். படித்துவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்பினார். மகள் எதிர்ச் சாரியில் நடக்காமல் இருந்தால் போதும் என்பது அன்றைக்கு அவருடைய கணக்கு. யாருடைய மோதிரம் கிடைக்காமல் போனால் அவருக்கென்ன?

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"கொஞ்சம் இங்க வாம்மா. தப்பு என்னுதுதான். இதுல சில சத்தத்தை நான் நிறுத்தி வெச்சிருக்கேன். மோதிரமும் அதுல மாட்டிக்கிச்சு."

"சரி, ஆன் பண்ணுங்க."

"பண்ணலாம். ஆனா எல்லா டின் வளையத்துக்கும் கத்தும். நான் ஒருத்தனா தோண்டினா பதினோரு மணிக்குள்ள முடியாது. நீங்க எல்லாரும் தோண்டணும்னா, எங்க கத்துதுன்னு உங்களுக்கும் கேக்கணும். ஹெட்ஃபோன் ஆகாது."

மகள் ஓரத்தில் நின்ற பெண்களை ஒரு முறை பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"எப்பப்பா இதை நிறுத்தி வெச்சீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் கணக்குப் போடுவது அவருக்குத் தெரிந்தது. கணக்கு முடிந்தது. குனிந்து, ஹெட்ஃபோன் வயரை இயந்திரத்திலிருந்து தானே உருவினாள்.

அவர் அடக்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் திறந்துவிட்டார். அடுத்த நொடி மைதானம் அதிர்ந்தது. இரண்டு வருடம் வாயைக் கட்டிப்போட்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தியது இயந்திரம். காவலர் தன் அறையிலிருந்து வெளியே ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். சாவிக்காரர் முன்னால் நடந்தார். அது அலறும் இடத்திலெல்லாம் மகள் ஒரு குச்சியை நட்டாள். பின்னால் பெண்கள் மூணு பக்கம் வெட்டி, மூடியைத் தூக்கி, எடுத்து, அமுக்கினார்கள். கோல்கீப்பர் பெண் மட்டும் தனி ஆளாகப் பன்னிரண்டு தோண்டினாள். சிரித்தார்கள்தான். ஆனால் இந்த முறை சிரிப்பு, டப்பாவில் ஒவ்வொரு வளையமும் 'டங்' என்று விழும்போது எண்ணிக்கை சொல்லிச் சிரித்த சிரிப்பு.

முப்பத்தாறு விழுந்தது. மோதிரம் இல்லை.

பதினோரு மணிக்குக் காவலர் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். நட்டிருந்த குச்சிகளில் இரண்டு மிச்சம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த வாட்ச் எப்பவும் பத்து நிமிஷம் ஸ்பீடா ஓடும், அண்ணே."

முப்பத்தேழும் டின் வளையம்தான். கடைசிக் குச்சி மூலைக்கொடிக்கு இரண்டடி தள்ளி இருந்தது. மகளே வெட்டினாள். மூணு விரல் ஆழத்தில் சேறு படிந்த நூல் ஒன்று தெரிந்தது. இழுத்தாள். அறுந்த ஷூ லேஸ் வந்தது. அதன் நடுவில், போட்ட முடிச்சு போட்டபடி, மோதிரம் தொங்கியது.

கோல்கீப்பர் பெண் பக்கத்தில் நின்ற காவலரைக் கட்டிக்கொண்டாள். சாவிக்காரர், வெட்டிய புல்லை ஒழுங்காக அமுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு மணிக்குச் சம்பந்தியம்மா வந்தார். சாப்பாட்டு மேசையில் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் தண்ணீர் ஊற்றும்போது அந்த அம்மாளின் பார்வை அவள் கையில் நின்றது. நகக்கண்ணில் எல்லாம் சேறு. மோதிரத்தின் வேலைப்பாட்டுக்குள்ளும் சேறு. அவசரத்தில் கழுவிய லட்சணம் அப்படி.

"என்னம்மா, தோட்ட வேலையா?"

ஆமாம் என்றால் போதும். வழியெல்லாம் அப்பாவும் மகளும் பேசி வைத்த பதிலும் அதுதான். சாவிக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்ல அத்தை. இதை கிரவுண்டுல தொலைச்சிட்டேன்" என்றாள் மகள். பிறகு ஷூ லேஸிலிருந்து முப்பத்தேழு வளையம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். மனைவியின் கையில் கரண்டி பாதி வழியில் நின்றது. "எங்கப்பா இல்லேன்னா கிடைச்சிருக்காது. அந்த மெஷினை அவர் மாதிரி பிடிக்க யாருக்கும் தெரியாது."

சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்து மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, எங்க வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடுற இடத்துல என் தோடு ஒண்ணு விழுந்து பதினாலு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லியே என் வாயை அடைக்கிறாரு. ஒருநாள் அந்த மெஷினோட வந்தீங்கன்னா அவர் வாயை நான் அடைச்சிடுவேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அசடு வழியத் தலையை ஆட்டினார்.

"வரேம்மா. அக்கம்பக்கத்துல யாருக்கும் தொந்தரவு இருக்காது. ஹெட்ஃபோன் போட்டுக்கறேன்."

"ஹெட்ஃபோன் வேணாம்பா" என்றாள் மகள். "நானும் வரேன். நல்லா கத்தட்டும்."

சாவிக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதை மனைவி மட்டும் பார்த்தாள். "காரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.