ஹாஜியார் வீட்டுச் சுவரில் கடல்

தியாபுக்கு வாழ்க்கை என்றால் மூன்று காரியங்கள்தான். மாடி எடுக்க வேண்டும், பெண்களைக் கரையேற்ற வேண்டும், ஹஜ்ஜுக்குப் போக வேண்டும். எகிப்தில், நைல் நதிக்கு அக்கரையில், லக்ஸர் நகருக்கு எதிரே இருக்கும் அவருடைய ஊரில் காபிக்கடைப் பெஞ்சுக்குக்கூட இது மனப்பாடம். மாடி எழும்பிவிட்டது. பெண்கள் கரையேறிவிட்டார்கள். இப்போது ஹஜ்ஜும் முடிந்து, ஸம்ஸம் புனித நீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து வேனில் வந்துகொண்டிருந்தார்.

வழியெல்லாம் நினைப்பு வீட்டுச் சுவரின் மேல்தான். ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்புவதற்குள் முன்சுவரில் மக்காவின் கஅபாவும் விமானமும் அவர் உருவமும் வரைந்து வைப்பது அந்த ஊர் வழக்கம். பக்கத்து வீட்டுச் சுவரில் விமானம் வாத்து மாதிரி இருக்கும். தன்னுடையது அப்படி ஆகிவிடக்கூடாதென்று ஓவியன் அயாதைப் படாதபாடு படுத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். வயிற்றைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்றும் சொன்னதாகக் கேள்வி.

வேன் நின்றது. மேளம் முழங்க, பெண்கள் குலவையிட்டார்கள். சுவரை மறைத்திருந்த சாக்குப் படுதாவை அவர் மனைவி ஷலபிய்யா தன் கையாலேயே இழுத்துப் போட்டாள். 

சுவர் முழுக்கக் கடல். கரையில் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி, அதை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் காலை விட்டிருந்தாள். மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது, ஷலபிய்யாதான். கஅபா வாசல்நிலைக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒதுங்கிக் கிடந்தது. தியாப் எங்குமே இல்லை. வயிற்றைக் குறைக்கும் வேலை அயாதுக்கு மிச்சம்.

மேளக்காரன் கை தானாக நின்றது. குலவை பாதியில் அறுந்தது.

இதென்ன கூத்து என்று தியாப் கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

"கல்யாணமான வாரம் என்ன சொன்னீங்க?" என்றாள் ஷலபிய்யா. "குஸைருக்குக் கூட்டிட்டுப் போயி கடல் காட்டுறேன்னீங்க. சொன்னீங்களா, இல்லையா?"

செங்கடல் கரையில் இருக்கும் குஸைர் ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் காலை நனைத்துவிடலாம். அவள் பெண்களுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன, அந்த பஸ் மட்டும் கிளம்பவே இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். எதிர்வீட்டு உம்மு ஹமாம் விடுவாளா?

"ஹாஜியாரே, பாத்துப் பேசுங்க. பாவமெல்லாம் கழுவிட்டு வந்து இன்னும் வாசப்படி ஏறல."

ஹஜ்ஜிலிருந்து வந்தவர் அன்று பிறந்த குழந்தை. முதல் பொய்யை ஊர் கூடி நிற்கும்போதா சொல்வது? தியாப் கேனைக் கீழே வைத்தார்.

"மறக்கல," என்றார். "நீ கேக்கும்போதெல்லாம் அடுத்த வருசம்னு சொல்லி வச்சேன். ஒனக்குன்னு ஒரு காரியம் இருக்கும்னு நெனச்சதே இல்ல."

பொய்க்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. பல வருடங்களாகத் தீட்டிய பதில். உண்மைக்கு இல்லை. இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஷலபிய்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்குக் காலைல பஸ்."

ஒரு வாரம் வாழ்த்த வருவார்களே, ஹாஜியார் வீட்டில் இல்லாவிட்டால் எப்படி என்று இழுத்தார் தியாப்.

"வர்றவங்க செவுத்தப் பாத்துட்டுப் போவட்டும்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. மொட்டை மலைகள் பின்னால் ஓடின. தியாப் தயங்கித் தயங்கி, இதுபோல் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இருக்கு," என்றாள் அவள், வெளியே பார்த்தபடியே. "மொதல்ல இது ஆவட்டும்."

தியாப் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.