சாணுக்குக் குறைந்த முடி

கலைவாணியின் தலைத்துணி முடிச்சில் ராஜாம்பாள் கை வைத்ததுதான் தாமதம், நான்கு பெண்கள் பிடித்திருந்த புடவை மறைப்பை விலக்கிக்கொண்டு தனகோட்டி உள்ளே நுழைந்துவிட்டான். செத்தவள் பெண்டாட்டியே ஆனாலும், குளிப்பாட்டுகிற இடத்தில் ஆம்பிளை தலையைக் காட்டினால் சும்மா விடுவார்களா?

"இன்னா தம்பி, அறிவு இருக்குதா? பொம்பளைங்க நிக்கற எடத்துல உனுக்கு இன்னா வேல?"

ராஜாம்பாள் கலைவாணிக்கு அண்ணன் பெண்டாட்டி. பிறந்த வீட்டு எண்ணெயும் சீயக்காயும் கோடித்துணியுமாக வல்லத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள்.

"துணிய அவுக்காதக்கா."

"அவுக்காம எண்ணெ எப்பிடி வைக்கறது? தலைக்கு எண்ணெ வைக்காம அனுப்பினா பொறந்த வூட்டுக்கு இன்னா மரியாத?"

நியாயமான கேள்விதான். தனகோட்டிக்குப் பதிலும் தெரியும். சொன்னால் கொடுத்த சத்தியம் உடைந்துவிடும்.

இருபத்தைந்து வருஷமாக அவன் பிழைப்பே முடி. மொபெட்டின் பின்னால் எவர்சில்வர் பாத்திரக் கூடை, முன்னால் சாக்குப் பை. செஞ்சியைச் சுற்றி அவன் குரல் நுழையாத தெரு கிடையாது. பெண்கள் சீவிச் சுருட்டி வைத்த முடியைக் கொண்டுவந்தால் டம்ளர் கிடைக்கும், கிண்ணம் கிடைக்கும். அவன் ஏமாந்த நாளாக இருந்தால் குண்டானே கிடைக்கும். சாணுக்குக் குறைந்த முடிக்கு ஓர் ஊக்குகூடத் தரமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே நீளம் சொல்லிவிடுவான். எந்த ஊர்த் தண்ணீரில் அலசிய முடி என்பதையும் சொல்வான் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் அவனே.

அப்பேர்ப்பட்டவனை வல்லத்தில் ஒருத்தி மடக்கினாள். முடிப் பையைக் கொடுத்துவிட்டுத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாவாரி, கட்டவெரலயும் சேத்து நிறுக்கறியே, அத வெட்டிக் குடுத்துட்டுப் போறியா?"

டம்ளரில் ஆரம்பித்தவன் மூடி போட்ட தூக்கைக் கொடுத்துவிட்டு நின்றான். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை அவன் கண் அளப்பதைப் பார்த்ததும் அவள் அதை முதுகுக்குத் தள்ளிக்கொண்டாள். "இது விக்கறதுக்கில்ல." அவள்தான் கலைவாணி. கல்யாணப் பந்தலில் ராஜாம்பாள் எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "முடி யாவாரிக்குக் குடுக்கறோம். பின்னல அறுத்துக்கினு பொண்ணத் திருப்பி அனுப்பிடப்போறான்!"

அந்தப் பின்னலைப் புதுச்சேரி ஆஸ்பத்திரி மருந்து கொண்டுபோனது. இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு தலையணை முழுக்க முடி. கலைவாணி ஓர் இழை விடாமல் பொறுக்கி, கேரி பேக்கில் போட்டுக் கட்டி அவன் முன்னால் வைத்தாள்.

"யாவாரி, இதுக்கு இன்னா குடுப்ப?"

ஊரையே வாயால் விற்றுவிட்டு வருகிறவன் அன்று, "நாளிக்கி சொல்றேன்" என்றான்.

"கிராக்கிய நாளிக்கி வான்னா, போயே பூடும்" என்று சிரித்தாள்.

துணி கட்டியது அன்றைக்குத்தான். "எங்க அண்ணி பாக்கக் கூடாது. யாருமே பாக்கக் கூடாது. நீயும்தான். செத்தாலும் அவுக்காத" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதற்கப்புறம் துணி மாற்றுவதென்றால் கதவைச் சாத்திக்கொள்வாள். இனிமேல் மருந்தை உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆனது. அப்போதும் அவள் சத்தியத்தைத் திருப்பித் தரவில்லை. கேரி பேக் இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

"தம்பி, வெயில் ஏறுது. சுடுகாட்டு வழியில மலப்பாற சூடாச்சின்னா ஜனம் எப்பிடி நடக்கும்?" என்றாள் ராஜாம்பாள்.

தனகோட்டி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான்.

"நெத்தியில வையிக்கா."

"நெத்தி தலையா?"

"சரி, காதோரம்."

"எண்ணெ இன்னா, காது வலிக்கா வைக்கறோம்? உச்சந்தலையில வைக்கணும்."

"அப்ப எல்லாரும் என் கையில ஊத்துங்க. அவங்கவங்களுக்காக நானே வைக்கறேன். துணி மட்டும் அவுரக் கூடாது."

அப்படியொரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. ராஜாம்பாள் அவனைப் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள். முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கும் மேல் மூன்று ஊக்கு. பிடரிக்குக் கீழே, பின்னல் கிடக்க வேண்டிய இடத்தில் மணைப்பலகைதான் தெரிந்தது. அவள் கை தானாக இறங்கியது.

"சுவாதி, எண்ணெக் கிண்ணத்த எடு" என்றாள், அழுதுகொண்டிருந்த கலைவாணியின் மகளிடம். புடவை பிடித்திருந்தவர்களை அதட்டினாள்: "இன்னாடி வேடிக்க? எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க."

தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பொறங்கைய நீட்டு தம்பி. செத்தவங்களுக்குப் பொறங்கையாலதான் வைக்கணும்."

முதல் எண்ணெய் அவள் ஊற்றினாள். தனகோட்டி முடிச்சு அசையாமல் துணிக்கடியில் கையை நுழைத்தான். புறங்கையில் என்னவோ உரசியது. துணியின் பிசிராக இருக்கும் என்று நினைத்தான். கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தான்.

உச்சியில் இருந்தது. காதோரம் இருந்தது. பிடரியிலும் இருந்தது. மெத்தென்று, ஒரே சீராக.

அரை விரல் அகலத்துக்கு முளைத்த முடி. கண்ணை மூடாமலே கை சொல்லிவிட்டது.

"நைனா, இன்னா ஆச்சு?" என்றாள் சுவாதி.

"ஒண்ணுமில்லம்மா."

"வச்சிட்டியா தம்பி?" ராஜாம்பாள் இன்னும் திரும்பவில்லை.

அவன் அந்தக் கையை எடுக்காமல், இன்னொரு கையை நீட்டினான்.

"எண்ணெ பத்தலக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்து."