தப்புக்கு ஒத்திகை

எங்கள் பள்ளி முதல்வருக்கு ஆசிரியர் அறையில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். கரண்ட் போனாலும் பேச்சு போகாது. வருடத் தொடக்கத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், ஆசிரியத் தலைவர் ஃபெல்லோஷிப்னு ஒண்ணு வந்திருக்கு. உங்க பேரைக் குடுத்துட்டேன்" என்றார். கேட்டுவிட்டுக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வாரம் முழுக்க எட்டாம் வகுப்பு 'சி' பிரிவுக்குத் தொண்டை வறளக் கணக்கு எடுத்துவிட்டு, சனிக்கிழமையும் போய் உட்கார்ந்து தலைவராவது எப்படி என்று படிக்க எனக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் மைக் அடுத்துச் சொன்னது என்னை வாயை மூட வைத்தது. வரும் வருடத்திலிருந்து கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளைப் பிரித்து 'எளிய கணக்கு' என்று தனி வகுப்பில் போடப் போகிறார்களாம். யார் போவது, யார் இருப்பது என்பதைக் கணக்குப் பாடத்தின் பொறுப்பாளர் முடிவு செய்வார். நான் ஃபெல்லோஷிப்பில் தேறினால் அந்தப் பொறுப்பு எனக்கு. தேறாவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார்.

எளிய கணக்கில் போய் விழுந்த பிள்ளை அதற்கப்புறம் அறிவியல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு அதற்கு 'எளிய' என்று பெயர் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! மைக்கிடம் விட்டால் சி பிரிவை மொத்தமாக அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் தலையாட்டினேன்.

சி பிரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். மற்ற பிரிவுகளில் வேண்டாம் என்று தள்ளியவர்களைக் கொண்டுவந்து கொட்டும் இடம் அது. நான் போன புதிதில் கேள்வி கேட்டால் எல்லாத் தலையும் மேஜைக்கு அடியில் போய்விடும். தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், டீச்சர் திட்டுவார், வீட்டுக்குச் செய்தி போகும். யார் வாயைத் திறப்பார்கள்? அதனால் கரும்பலகையின் இடது பாதியைத் தப்புகளுக்கு என்று ஒதுக்கினேன். தப்பான விடை சொன்னவர் வந்து அதைத் தன் கையாலேயே எழுதவேண்டும். எழுதிவிட்டு, அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். யாரும் சிரிக்கக்கூடாது. சாயங்காலம் வரை அழிக்கக்கூடாது.

மாதக்கணக்கில் ஒருவரும் வரவில்லை. முதலில் வந்தது கொசு. குரல் அவ்வளவு சன்னம் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர்; அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன என்று கேட்டிருந்தேன். அவள் வந்து எட்டு என்று எழுதினாள். எப்படி வந்தது என்றேன். "ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ் ஆயிடும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?" என்றாள். பெருக்கலுக்கு நான் சொன்னதைப் பாதி வகுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அந்த ஒரு தப்பை வைத்தே பாடம் முழுவதும் நடந்தது. அதற்குப் பிறகு இடது பாதியில் எழுத இடம் போதாமல் பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

இது ஃபெல்லோஷிப்காரர்களின் காதுக்குப் போனதுதான் வினை.

சனிக்கிழமைகளில் குளிரூட்டிய ஒரு கூடத்தில் எங்களை வட்டமாக உட்காரவைப்பார்கள். பயிற்சியாளர் அம்மாவுக்கு எல்லாமே பயணம். நாங்கள் டீ குடிக்கப் போனால்கூட அது ஒரு பயணம்தான். ஒரு நாள் நூல்கண்டைக் கையில் கொடுத்து, அவரவர் கனவைச் சொல்லி அடுத்தவரிடம் வீசச் சொன்னார். கடைசியில் கனவெல்லாம் சிக்கிக்கொண்டது. ஒரு விலங்கியல் ஆசிரியர் பல்லால் கடித்துத்தான் வெளியே வந்தார். நான் தப்புப் பலகையைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மா கண் கலங்கிக் கைதட்டினார். அடுத்த வாரமே அது 'பிழைக் கொண்டாட்டம்' என்ற தலைப்போடு திரையில் வந்துவிட்டது. கொண்டாட என்ன, பிறந்தநாளா?

"உனக்கு ஏம்மா இந்தக் கஷ்டம்? சனிக்கிழமையாவது தூங்கேன்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். "கடைசியா ஒரு வகுப்பு எடுத்துக் காட்டணும், அவ்வளவுதாங்க. அதுல தேறிட்டா என் பிள்ளைங்க தப்பிச்சுடும்" என்பேன். எங்கள் மகள், "உன் பிள்ளை நான்தானே?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் போனேன்.

அந்தக் கடைசி வகுப்பன்று பயிற்சியாளர் அம்மாவும், கூட ஒரு மூத்த அதிகாரியும் வந்தார்கள். மைக் என்னையும் தன் அறையில் உட்காரவைத்து அவர்களோடு டீ குடிக்க வைத்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பிள்ளைங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்றேன். "எல்லாம் நான் பார்த்துக்கிட்டேன் மேடம். நீங்க நிம்மதியா இருங்க" என்றார். அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் வகுப்புக் கதவைத் திறந்ததும் தெரிந்தது.

அறை சி பிரிவினுடையதுதான். பெஞ்சுகளில் இருந்தது ஏ பிரிவு. சட்டையெல்லாம் சலவை மடிப்பு கலையாமல், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகள் பின்னால் போய் அமர்ந்துவிட்டார்கள். மைக் கதவருகில் நின்று, ஆகட்டும் என்று கையால் சைகை செய்தார்.

என்ன செய்வதென்று தெரியாமல் பலகையில் கணக்கை எழுதினேன். எக்ஸ் கூட்டல் ஏழு சமம் மூன்று. எக்ஸ் எவ்வளவு? உடனே முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். வந்து இடது பாதியில் 'பதினேழு' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். பயிற்சியாளர் அம்மா ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

இத்தனை வருடம் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறேன். பத்து என்பார்கள், ஏழைக் குறி மாற்றாமல் அந்தப் பக்கம் கொண்டுபோகிறவர்கள். நான்கு என்பார்கள், மைனஸைத் தவறவிடுகிறவர்கள். பதினேழு என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை. அது பிள்ளை போட்ட தப்பே இல்லை.

"எப்படி வந்துச்சும்மா?" என்றேன்.

அவள் முழித்தாள். மைக்கைப் பார்த்தாள். "அது சொல்லித் தரல மிஸ். பதினேழுன்னு எழுதணும்னு மட்டும்தான் சொன்னாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்த தப்போடு தயாராக இன்னொருத்தி எழுந்து நின்றிருந்தாள். இதைக் கேட்டதும் மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

தப்புக்கு ஒத்திகை பார்த்திருக்கிறார் மனிதர்! நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஆளுக்கொரு தப்பை மனப்பாடம் செய்யவைத்து, வரிசைப்படி எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல, போய் உட்காரு" என்றேன். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பினேன். "இது என் வகுப்பு இல்ல. என் பிள்ளைங்க எங்கேன்னு சாரைக் கேளுங்க."

"மேடம், அப்புறம் பேசிக்கலாம்" என்றார் மைக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிள்ளைங்க எங்க சார்?"

படம் போடும் அறையில் இருந்தார்கள். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஏதோ திமிங்கிலப் படம் போட்டிருந்தார்கள். நான் விளக்கைப் போட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. கொசுதான் எழுந்து, "நீங்க ஏன் மிஸ் வந்தீங்க? போயிடுங்க மிஸ்" என்றாள்.

"எழுந்திருங்க எல்லாரும். நம்ம கிளாஸ் நடக்கப்போகுது."

"வேணாம் மிஸ். இன்னிக்கு உங்களுக்குப் பரீட்சைன்னு சார் சொன்னாரு. நாங்க தப்பு பண்ணா உங்க மார்க் போயிடுமாம். நாங்க இங்கயே சத்தம் போடாம இருக்கோம்னு சொல்லிட்டோம்."

யாரும் இவர்களைப் பிடித்துத் தள்ளி அடைக்கவில்லை. எனக்காக ஒளிந்துகொள்ளச் சம்மதித்து, தாங்களாகவே நடந்து வந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மைக்கின் மேல் வந்த ஆத்திரம் அவர் அங்கே இல்லாததால் இவர்கள் மேல் பாய்ந்தது. "யாரு கேட்டா உங்களை? நான் கேட்டேனா? எழுந்திருங்கன்னா எழுந்திருங்க!" என்று கத்தினேன். ஒரு வருடமாக அந்தப் பிள்ளைகளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. எல்லாரும் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு என் பின்னால் வந்தார்கள்.

ஏ பிரிவு வெளியேறியது, சி பிரிவு உள்ளே வந்தது. பலகையில் அந்தப் பதினேழு அப்படியே இருந்தது. நான் சிரித்துப் பார்த்தேன். குரலைத் தணித்தேன். "சொல்லுங்க கண்ணுங்களா, எக்ஸ் எவ்வளவு?" என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை.

எளிதாக்கிக் கேட்டேன். பக்கத்தில் போய்க் கேட்டேன். தரைத்தளத்துக்குக் கீழே போகிற லிஃப்டை வரைந்து காட்டினேன். தினமும் முந்திக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். கொசுவுக்கு விடை தெரியும் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தெரிந்தது தப்பாகிவிட்டால்? என் மார்க் போய்விடுமே! அவள் தன் கை எழுந்துவிடாதபடி இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. மணி அடிக்கும் வரை அப்படியே போனது.

பிறகு மைக்கின் அறையில் கருத்துச் சொன்னார்கள். "முதல் பகுதி அருமையா இருந்துச்சு" என்றார் பயிற்சியாளர் அம்மா. அந்தப் பதினேழைத்தான் சொல்கிறார்!

"அது பொய்னு உங்க கண் முன்னாடியே தெரிஞ்சுதே மேடம்?"

"எல்லா ஸ்கூல்லயும் கொஞ்சம் தயார் பண்ணத்தான் செய்வாங்க. அதை நாங்க பெருசா எடுத்துக்கறதில்ல. ஆனா ரெண்டாவது பகுதியில மாணவர் பங்கேற்பே இல்லையே? பிள்ளைங்க உங்களைப் பார்த்துப் பயப்படற மாதிரி இருந்துச்சு."

"அவங்க பயந்தது என்னைப் பார்த்து இல்ல. எனக்காகப் பயந்தாங்க. ஒரு வருஷம் பாடுபட்டு அந்தப் பயத்தைப் போக்கினேன். இவரு காலையில ஒரு வார்த்தை சொல்லி மறுபடியும் ஏத்திட்டாரு. அதைக் கேளுங்க இவரை!"

மூத்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோபத்தைக் கையாளறதும் தலைமைப் பண்புதான் மேடம். அது உங்க பயணத்துல இன்னும் வரல" என்றார். மைக் எனக்கு டீயை நகர்த்திவைத்தார். நான் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "அந்தப் பதினேழோடயே விட்டிருக்கலாமேம்மா. தேறியிருப்பே, அப்புறம் அத்தனை பேரையும் நீயே காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்று ஒரு பக்கம் கேட்டது. கிழித்திருக்கலாம்தானே என்று இன்னொரு பக்கம் கேட்டது. இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

நான் தேறவில்லை. பொறுப்பு மைக்கிடமே போனது. புது வருடம் தொடங்கிய அன்று அவர் சி பிரிவு வாசலில் நின்று, கையில் மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கும்படி, மொத்தப் பிரிவும் இனி எளிய கணக்குதான் என்று அறிவித்தார். எளிய கணக்குக்கு ஒதுக்கிய அறை ஆய்வகத்துக்குப் பின்னால், உடைந்த மேஜைகள் போட்டுவைத்திருந்த இடம். பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். அழுகை இல்லை, சத்தம் இல்லை. தடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடைவழியில் நின்றிருந்தேன்.

கொசு மட்டும் வரிசையிலிருந்து விலகி என்னிடம் வந்தாள். கோபமாக இருப்பாளோ என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"அன்னிக்கு நாங்க ஒரு தப்புகூடப் பண்ணலியே மிஸ். அப்புறம் ஏன் மிஸ்?"