பெறுநர் நேரில் வரவேண்டும்

“லெஃப்ட்! லெஃப்டில எடுங்கோ, பிளீஸ்!”

ஜெனுஷா போட்ட கத்தலில் சவ வாகனத்தின் வெள்ளைக்காரச் சாரதி ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். பிளாட் புஷ் வீட்டிலிருந்து பாபகூராத் தேவாலயத்துக்கு நேராகப் போகவேண்டிய ஊர்வலம், ஹெட்லைட் எரிய, ஒழுங்காக வரிசை பிடித்துத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. பின்னால் சவப்பெட்டிக்குள் அவளுடைய அப்பா வின்சென்ற், நீல நிற சூட்டும் சிவப்பு டையுமாக, எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தார்.

கைபேசி அலறியது. அம்மா இவோன்தான். அடுத்த காரில், குடும்ப நண்பர் கிளைவ் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள்.

“எடியே, உன்ர அப்பரை எங்க கொண்டு போறாய்? ஃபாதர் கோயில் வாசல்ல நிக்கிறார்!”

“பார்சல் எடுக்கப் போறன் அம்மா. எங்கட டிப்போவில இருக்குது. ஆரும் எடுக்காத சாமானெண்டு பன்னிரண்டு மணி லொறியில ஏத்தினா ஏலத்துக்குப் போயிடும்.”

“அப்ப ஏன் மெதுவாப் போறியள்? மிதிக்கச் சொல்லு!”

“தங்கச்சி, அந்தப் பார்சல் இப்ப என்னத்துக்கு…” என்று கிளைவின் குரல் இழுத்தது.

“நீங்க ரோட்டைப் பாருங்கோ!” என்று அம்மா வெட்டிவிட்டாள்.

அந்தப் பார்சலுக்காகத்தான் வின்சென்ற் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார் என்பது குடும்பத்தின் முடிவு. ஜெனுஷா வேலை செய்வது ஒரு சரக்குக் கம்பனியின் விசாரணைப் பிரிவில். ‘என் பெட்டி எங்கே, என் கட்டில் எங்கே, என் நாய்ச் சாப்பாடு எங்கே’ என்று நாள் முழுக்கக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் சம்பளம். கடந்த சில வாரங்களாக அந்தக் கூட்டத்தில் அப்பாவும் சேர்ந்திருந்தார். தினமும் பதினொரு மணி வாக்கில் பொது எண்ணுக்கு அடித்து, வரிசையில் காத்திருந்து, அவளிடமே கேட்பார்.

“குட் மோர்ணிங் மிஸ். என்ர பார்சல் எங்க நிக்குது?”

“அப்பா, யார் அனுப்பினது? அனுப்பினவர் பேரே இல்லை. ஆரோ கவுண்டரில காசு கட்டிப் போட்டிருக்கினம்.”

“அதெல்லாம் உமக்கு எதுக்கு மிஸ்? முக்கியமான சாமான். எங்க நிக்குதெண்டு சொல்லும்.”

அதைத் தேடிச் சொல்வாள். பிறகு மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, மத்தியானச் சாப்பாடு என்ன என்பதைப் பற்றி ஏதாவது கேட்பார். அவள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். வாடிக்கையாளர் ஆயிற்றே. டெலிவரி றைவர் இரண்டு முறை போய், வீட்டில் ஆளில்லை என்று கார்ட் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். எந்நேரமும் வீட்டில் இருக்கிற மனுசனைக் காணவில்லையா என்று ஜெனுஷா அந்த றைவரைப் பிடித்து உலுப்பியும் விட்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்து அவர் கேட்ட கடைசிக் கேள்வியும் அதுதான். “பிள்ளை, பார்சல் வந்திட்டுதோ?”

“திங்கட்கிழமை வரும் அப்பா,” என்றாள், பழக்கத்தில். சிரித்தார். கண்ணை மூடினார்.

அது வராமல் அவரை அடக்கம் செய்யக்கூடாது என்று இவோன் ஒற்றைக் காலில் நின்றாள். வேளாங்கண்ணி மாதா சுரூபமாக இருக்கும் என்றார்கள் உறவினர். இல்லை, இவோனுக்குத் தங்கக் காப்பு என்றார்கள் வேறு சிலர்.

சிக்கல் என்னவென்றால், பார்சலில் ‘பெறுநர் மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெறுநர் இறந்துவிட்டார் என்று வாய் திறந்தால் போதும், சிஸ்டம் அதைப் பூட்டிவிடும். பிறகு உயில், வக்கீல், சத்தியக் கடதாசி என்று மாதக்கணக்கில் இழுக்கும். எத்தனையோ பேருக்கு இதே வாயால் அதைச் சொன்னவள் அவள். ஆகவே காலையில் டிப்போவுக்கு அடித்தபோது அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

ஊர்வலம் டிப்போ முற்றத்தில் ஃபோர்க்லிஃப்டுகளுக்கு நடுவே வந்து நின்றது. ஜெனுஷா கறுப்புச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினாள். அங்கே ரவிசங்கர். திருச்சிப் பையன், போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தான். தொழில் பழக்கியவளே அவள்தான்.

“மேடம்! லீவுன்னாங்க? பார்சல் எடுத்து வெச்சிருக்கேன். மிஸ்டர் வின்சென்ட் எங்க?”

“நான் வாங்கிறன். தாரும்.”

“அதெப்படி மேடம்? பொண்டாட்டி வந்தாலும் புள்ள வந்தாலும் குடுக்காத, ஆளு நேர்ல வரணும், ஃபோட்டோ ஐடி வேணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குக் கொஞ்சமே பாக்கி. வெளியே ஏல லொறி பின்னோக்கி வந்து, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது.

“அவர் நேரிலதான் வந்திருக்கிறார்,” என்றாள்.

“அப்ப உள்ள வரச் சொல்லுங்க.”

“அவரால இறங்கேலாது.”

“ஐயையோ, உடம்பு முடியலையா? முன்னாடியே சொல்லக்கூடாதா மேடம்? நானே வரேன்.”

பார்சலை ஒரு கையிலும் ஸ்கேனரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ரவிசங்கர் உற்சாகமாக வெளியே வந்தான். “எந்தக் கார்?”

ஜெனுஷா கையைக் காட்டினாள்.

ரவிசங்கர் நின்ற இடத்திலேயே நின்றான். கண்ணாடிக்குள் மலர்வளையங்கள். பின்னால் கார் காராகக் கறுப்பு உடுப்பில் ஆட்கள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

“மேடம்… இவரு…”

“என்ர அப்பா.” கைப்பையிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். “அந்தச் சொல்லை மட்டும் சிஸ்டத்தில அடிச்சுப்போடாதையும், ரவி. அடிச்சா நான் தோத்தன்.”

அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார்த்தான். சவப்பெட்டியைப் பார்த்தான்.

“மூடியைத் திறக்கச் சொல்லட்டே?”

“வேணாம் மேடம், சத்தியமா வேணாம்!”

பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் குனிந்தான். அவள் சொல்லிக்கொடுத்த அதே பணிவு. “வின்சென்ட் சார், உங்க பார்சல் வந்துடுச்சு. தாமதத்துக்கு மன்னிக்கணும். எங்க சேவையைப் பயன்படுத்தினதுக்கு நன்றி.” ஸ்கேனரைத் தட்டினான். அது பீப் என்றது. “பெறுநர் நேரில் வந்தார். ஐடி சரி. ரூல்படி எல்லாம் முடிஞ்சுது மேடம்.”

ஏல லொறி வெறுங்கையோடு புறப்பட்டது.

“உடை பிள்ளை!” இவோன் அதற்குள் காரைவிட்டு இறங்கி ஓடி வந்திருந்தாள். கிளைவும் வியர்த்தபடி பின்னால் வந்தார். “பிறகு உடைக்கலாம் தங்கச்சி, கோயிலுக்கு நேரமாகுது…”

ஜெனுஷா டேப்பைக் கிழித்தாள். ஒரு தலையணை. வேறொன்றும் இல்லை. உதறிப் பார்த்தாள், அமுக்கிப் பார்த்தாள். வெறும் தலையணை.

இவோன் உறையை விரலால் தடவினாள். “மஞ்சள் பூ… இது டோறின்ர உறையெல்லே? கிளைவ் அண்ணை, இது உங்கட வீட்டுத் தலையணை!”

மனைவியின் பெயரைக் கேட்டதும் கிளைவ் நிலத்தைப் பார்த்தார். நகரின் மறுகோடி கிளென் ஈடனிலிருந்து வந்திருந்த அந்தப் பெரிய உடம்பு கூனிக் குறுகியது.

“அவன்தான் கேட்டவன், ‘ஏதாவதொண்டைக் கட்டி என்ர பேருக்கு அனுப்படா’ எண்டு. மகளுக்கு ஃபோன் எடுத்தா, ‘வேலையில நிக்கிறன் அப்பா’ எண்டு வைச்சிடுறாளாம். கஸ்டமர் எண்டா வைக்கேலாதாமே.”

“அப்ப றைவர் போனபோது?” ஜெனுஷா மெதுவாகக் கேட்டாள். “ரெண்டு தரமும் வீட்டில ஆளில்லையெண்டானே?”

இவோன் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஓடி வந்தவர்கள், அது சிரிப்பு என்று கண்டார்கள்.

“பெல் அடிக்க, ‘சமயம் மாத்திற ஆக்கள் வந்து நிக்கினம், மூச்சு விடாதை’ எண்டு என்னையும் சோபாவுக்குப் பின்னால குந்த வைச்சவரடி! போன உடன எழும்பி, டெலிபோனைத்தான் தூக்கினவர்!”

சிரிப்பு ஒவ்வொரு காராகத் தாவிப் போயிற்று. ரவிசங்கர்கூட ஸ்கேனரால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஜெனுஷா வாகனத்தில் ஏறினாள். தலையணையை மடியில் வைத்து, அதையும் சேர்த்து சீட் பெல்ட்டைப் போட்டாள். இனி நேராகத்தானே என்று சாரதி ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஓம். மெதுவாவே போங்கோ,” என்றாள், தமிழிலேயே. அவருக்கு விளங்கிவிட்டது.